கடையாணி

மண்டாயில் சாம்பல் வாங்க நின்றபோதுதான்
அந்தப் பெயரை முழுசாகக் கேட்டேன்.
நாத்தனார் சொன்னாள், கைக்குட்டைக்குள்.
அதுவரை பாதிதான் கேட்டிருந்தேன்,
மின்தூக்கிக் கதவு மூடும் இடைவெளியில்.
எந்தத் தாயும் மகளுக்கு வைக்காத பெயர்.
நானும் இங்கே எழுதப்போவதில்லை.
உங்களுக்குத் தெரியும்.

எல்லோரும் வரங்களில் இருந்து தொடங்குகிறார்கள்.
விரலில் இருந்து தொடங்குங்கள்.
போர்க்களத்தில் தேர்ச்சக்கரத்தின் ஆணி கழன்றபோது
துளைக்குள் விரலைக் கொடுத்தவள் அவள்.
ராஜா அம்பு விட்டுக்கொண்டிருந்தார்,
வெற்றி அவர் பெயரில் பதிவாயிற்று.

எனக்கு அது காக்கி புக்கிட் பட்டறை,
இரவு பதினொன்று, மழை.
ஜாக்கி வழுக்கி லாரி சரிகிறது,
அடியில் அவர் கால்.
மரக்கட்டையை உள்ளே தள்ளினேன்.
கையை எடுக்க நேரமில்லை.
மோதிர விரலில் பாதி அங்கேயே போயிற்று.
"என்ன வேணும் கேளு, ரெண்டு கேளு"
மருத்துவமனைக் கட்டிலோரம் அழுதார்.
அப்புறம் என்றேன்.
அப்போதைக்கு ஒரு கோப்பி போதும்.

கதைக்கு ஒரு கூனி வேண்டுமே.
எனக்கும் இருந்தார்: கணக்கர் ஓங் மெய் லிங்,
முப்பது வருடம் பேரேட்டின் மேல் குனிந்து
முதுகு அப்படியே நின்றுபோனவர்.
காதில் விஷம் எதுவும் ஊதவில்லை.
பச்சை மையில் வட்டமிட்ட ஒரு தொகையைக் காட்டினார்.
ஏழு இலக்கம்.
"பெரியவன் கையெழுத்துப் போட்டால்
இது அவன் தலையில்" என்றார் மலாயில்,
எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே பொதுமொழியில்.

வெளியே மாலை வாங்கி வைத்தாயிற்று.
பெயர்ப்பலகைகூடத் தயார்: மாசிலாமணி அண்ட் சன்.
ஒருமை.
கார்முகிலன் மட்டும். என் பரிதி அதற்குள் இல்லை.
அது உறுத்தவில்லை என்றால் பொய்.
நகத்தளவு உறுத்தியது.
என்னைச் சபிக்க வருகிறவர்கள்
அந்த நகத்தளவை எடுத்துக்கொள்ளலாம்.

யாரோ ஒரு பிள்ளை தலையில் விழத்தான் வேண்டும்.
இறந்தவளின் படத்துக்குத் தினமும் நான்தான் பூ வைக்கிறேன்.
அவள் பிள்ளையை எப்படிக் கொடுப்பேன்?
அன்றிரவு இரண்டையும் கேட்டேன்.
கம்பெனி பரிதி பெயருக்கு.
பெரியவன் பேர்த்துக்கு, சுரங்க வேலைக்கு, நாளைக்கே.
காரணம் சொல்லவில்லை.
சொன்னால் அவன் போயிருக்க மாட்டான்.
என் பாலைக் குடிக்காமலே என்னை அம்மா என்றவன்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.
ஆறாம் நாள் நெஞ்சு நின்றது.
அதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.
ஓங்கும் எடுத்திருக்கவில்லை.

பரிதி முதலாளி நாற்காலியில் உட்காரவே இல்லை.
அண்ணனின் பாதுகாப்பு பூட்ஸை,
குதிகாலில் காய்ந்த சிமெண்டோடு,
அதில் தூக்கி வைத்தான்.
பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு
கடன்காரர்களைச் சந்தித்தான் பதினாலு வருடம்,
லாரி லாரியாக விற்று.
என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்:
"மாத்திரை மேசையில இருக்கு."

இன்று சாங்கி, மூன்றாம் முனையம்.
பேர்த் விமானம் இறங்கிவிட்டதாம்.
நாத்தனார் மாலையோடு நிற்கிறாள்.
பரிதியின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை,
இரும்பு முனை இரண்டும் வெளியே தெரிகின்றன.
நான் தூணுக்குப் பின்னால்.
ஓங் போன வருடம் போய்விட்டார்,
சாட்சி சொல்ல ஆளில்லை.
பச்சை வட்டமிட்ட தாள் என் கைப்பையில் இருக்கிறது.
நீட்டலாம். நீட்டினால்
பதினாலு வருடமாக அவன் வெறுத்தது யாரை
என்று அவன் இன்னொரு முறை தொடங்க வேண்டும்.

கதவு திறக்கிறது.
தாடியில் நரையோடு ஒருவன்,
பெட்டிகள் குவிந்த தள்ளுவண்டி.
முன்சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு
அவனை இடப்பக்கமாக இழுக்கிறது.

தூணைப் பிடித்திருந்த என் கையில்
பாதி விரல்
தானாக நிமிர்கிறது.